செத்தும் விடாத பிடி

மின்கம்பியில் அடிபட்டுச் செத்த பழந்தின்னி வௌவால் நாள்கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கிறதே, ஏன் விழுவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் சொல்ல எனக்கு ஒரு சிலந்தியும் வேண்டும். காட்டோரங்களில் பொன்னிற இழையால் பெரிய வலை கட்டுமே, அந்தப் பெருஞ்சிலந்தி. பெண்ணின் உடல் 5 செ.மீ. வரை வளரும். அதுவும் வௌவாலைப் போலத் தலைகீழாகவே இருக்கும்.

நாம் கிளையைப் பிடித்துத் தொங்கினால் கொஞ்ச நேரத்தில் கை கடுத்துவிடும். வௌவாலுக்கு அந்தப் பாடு இல்லை. உடல் எடை கீழே இழுக்கும்போது கால் நகங்களை மடக்கும் தசைநாண் இறுகுகிறது. அதன்மேல் உள்ள நுண்ணிய மேடுகள், சுற்றியிருக்கும் உறையின் மடிப்புகளில் சிக்கிப் பூட்டிக்கொள்கின்றன. பிடித்திருக்க உழைப்பே வேண்டாம், விடுவதற்குத்தான் வேண்டும். உயிர் போன பின் விடுவதற்கு யார்?

சிலந்தியின் கதை நேர்மாறு. அதன் கால்களை மடக்கத் தசை உண்டு; முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டத் தசையே கிடையாது! உடலுக்குள்ளிருக்கும் ரத்தநீரை அழுத்திச் செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. எங்கள் தோட்டத்து ரப்பர் குழாய், தண்ணீரைத் திறந்ததும் விறைத்து நிமிர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். செத்தால் அழுத்தம் போய்விடும், எட்டுக் கால்களும் சுருண்டுவிடும். 2022இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் செத்த ஓநாய்ச் சிலந்திக்குள் ஊசிவழியே காற்றைச் செலுத்தி, அதன் கால்களையே பொருள் தூக்கும் இடுக்கியாக்கிக் காட்டினார்கள்.

செத்த சிலந்திக்குக் கிடைத்த அந்தக் கவனம், உயிரோடிருக்கும் வௌவாலுக்கு இங்கே கிடைப்பதில்லை. ஆல், அரசு, இலுப்பை விதைகளைத் தூரம் கொண்டுபோய்ப் போடும் இந்த உயிரை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. ஆஸ்துமாவுக்கு மருந்தென்று அதைச் சுட்டுத் தின்பது இன்னும் ஒழியவில்லை. அந்தக் கறியால் ஆஸ்துமா தீராது.

சிறகு விரித்தால் நாலடி அகலம். அதனால்தான் இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொட்டுச் சாகிறது. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. பிறந்த புதிதில் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே பறக்கும், தாயோடு அதுவும் கருகும். வௌவால் அடையும் மரங்களையொட்டிப் போகும் கம்பிகளுக்காவது மின்வாரியம் உறை போட வேண்டும்.