பிக்கப்பை உயர்த்தலாமா?

சிம்பாங் பூலாய் சாலையில் ஏறிக் கேமரன் மலையின் கம்போங் ராஜாவை அடைந்தால், காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்களைக் காண்பீர்கள். மூட்டைகளுடன் சேற்றுச் சரிவில் அவை ஏறுவது எப்படி?

முதல் காரணம் கியர். நான்கு சக்கர இயக்கத்தின் 'லோ' கியர், சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகிறது. பிக்கப் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது டயர். 2,000 கிலோகிராம் வண்டியின் எடை ஏறக்குறைய 20,000 நியூட்டன். ஒரு டயருக்கு 5,000. காற்றழுத்தம் 200 கிலோபாஸ்கல் என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 100 ஆகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். வண்டி எளிதில் புதையாது. தார்ச்சாலைக்குத் திரும்பும்முன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். இல்லையேல் டயர் சூடாகி வெடிக்கலாம்.

வண்டியை உயர்த்துவதில்தான் பெரிய ஆபத்து. இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.75 மீட்டர் என்று கொள்வோம். கணக்குப்படி, பக்கவாட்டில் 45 பாகையைத் தாண்டிச் சாய்ந்தால் வண்டி கவிழும். மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், 41 பாகையைத் தாண்டியதுமே கவிழ்ந்துவிடும்!

ஆகவே, அடிப்பகுதி கல்லில் இடிக்காத அளவு உயரமே போதும். அதற்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை.

மாணவர்களே, ஒரு காலணிப் பெட்டியைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பலகையில் சாய்த்துப் பாருங்கள். எது முதலில் கவிழ்கிறது?