கேட்டது மதியம்... பதில் ராத்திரி! கை நழுவிப் போகும் ‘வாட்ஸ்அப்’ சேலை வியாபாரம்

சேலம்:

சேலை நல்ல சேலைதான். விலையும் கட்டுப்படியாகும் விலைதான். ஆனாலும் விற்கவில்லை. என்ன காரணம்? பல சமயம், கேட்ட நேரத்தில் பதில் போகாததுதான் காரணம்.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை வட்டாரத்தில் விசைத்தறியில் நெய்யப்படும் சேலைகளுக்கு நல்ல கிராக்கி உண்டு. இதுபோன்ற ஊர்களில் மொத்தமாக சேலை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு வீட்டில் இருந்தே விற்கும் பெண்கள் ஏராளம். கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. ஆனால் கடன் வாங்கி சரக்கு எடுத்தவர்களுக்கு, சேலை தேங்கினால் வட்டி ஏறும்.

முந்துபவருக்கே யோகம்

“இந்த கலர் இருக்கா அக்கா? எவ்வளவு?” என்று ஒருவர் கேட்டால், அந்த நிமிடம் அவருக்கு வாங்கும் ஆசை இருக்கிறது என்று அர்த்தம். அதே கையோடு வேறு இரண்டு பேரிடமும் விசாரித்திருப்பார். மதியம் கேட்டவருக்கு ராத்திரி பதில் போனால், “வேற இடத்துல எடுத்துட்டேங்க” என்பதுதான் மிச்சம்.

அமெரிக்காவில் 2011-ம் ஆண்டு ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ’ இதழில் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. இணையதளத்தில் விசாரித்தவர்களை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களை விட வியாபாரப் பேச்சு கூடிவரும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு அதிகமாக இருந்தது.

2,241 நிறுவனங்களை சோதித்ததில், ஒரு மணி நேரத்துக்குள் பதில் தந்தவை 37 சதவீதம்தான். 23 சதவீத நிறுவனங்கள் பதிலே தரவில்லை. பெரிய நிறுவனங்களே தூங்கும்போது, வீட்டு வியாபாரி விழித்துக் கொண்டால் ஜெயிக்கலாம்.

சமையல், பிள்ளைகள் என்று வேலை இருக்கும்போது உடனே பதில் போட முடியாதே? 2018-ல் இந்தியாவுக்கு வந்த ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ செயலியில் தானாக பதில் போகும் வசதி இருக்கிறது. “3 மணிக்கு பேசுகிறேன்” என்று அதில் எழுதி வைக்கலாம். சொன்னபடி 3 மணிக்கு பேசுவது முக்கியம்.

படம் போடுவது எப்போது?

காலை 7 மணி முதல் 9 மணி வரை டிபன் கட்டுவது, பஸ் பிடிப்பது என்று வீடே பரபரப்பாக இருக்கும். அப்போது போகும் படம் அடியில் போய்விடும். இல்லத்தரசிகளுக்கு மதிய சாப்பாட்டுக்குப் பின், வேலைக்குப் போகிறவர்களுக்கு வீடு திரும்பிய பின் அனுப்பலாம். ஷிப்டு வேலைக்காரர்களுக்கு கணக்கே வேறு. எந்த நேரத்தில் அதிகம் விசாரிக்கிறார்கள் என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்தால் உண்மை தெரிந்துவிடும்.

கையில் காசு புரளும் நாளும் முக்கியம். மாத சம்பளக்காரர்களுக்கு முதல் வாரம். வாரக்கூலி வாங்குபவர்களுக்கு சனிக்கிழமை மாலை.

தீபாவளி சேலையை கடைசி வாரத்தில் காட்டிப் பயனில்லை. அதற்குள் டெய்லர்கள் பிளவுஸ் தைக்க துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் முன்பே காட்ட வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்கான பட்டை ஆடியிலேயே காட்ட வேண்டும்.

நள்ளிரவில் வேண்டாம்

விளம்பர போன் தொல்லை பற்றி புகார்கள் குவிந்ததால், இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை அத்தகைய அழைப்பு, எஸ்.எம்.எஸ். கூடாது என்று ‘டிராய்’ 2010-ல் விதி கொண்டு வந்தது. 2018-ல் வந்த புதிய விதியில், எந்த நேரத்தில் வரலாம் என்பதை வாடிக்கையாளரே தேர்வு செய்ய வழி செய்யப்பட்டது.

வாட்ஸ்அப்புக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் அங்கே வாடிக்கையாளர் கையில் ‘பிளாக்’ பட்டன் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்கு வரிசையாக 20 படம் வந்தால் அதை அழுத்திவிடுவார். அதன் பிறகு எவ்வளவு நல்ல சேலை வந்தாலும் அவர் கண்ணில் படாது.

கேட்டால் உடனே பதில், ஓய்வு நேரத்தில் படம், ராத்திரியில் மவுனம். இந்த மூன்றுக்கும் பைசா செலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.