கடிதமும் கறிச்சட்டியும்: ஜொகூர் மழைக்காடுகளைக் காக்க நம்மால் ஆவது என்ன?

சுற்றுச்சூழல் தினம் வந்தால் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம். கடைக்குத் துணிப்பை கொண்டுபோகச் சொல்கிறோம். நல்ல பழக்கங்கள்தான். ஆனால் ஜொகூரில் மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுக்கு இவற்றால் கிடைக்கும் பலன் குறைவு. மெராந்தி, கெருயிங், கப்பூர் போன்ற காட்டு மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் காலம் சொல்லாமல், கூட்டமாகப் பூத்துக் காய்க்கும். அப்படி வளர்ந்த காடு அழிந்தால் கன்று நட்டு அதைத் திரும்பப் பெற முடியாது. இருப்பதை இழக்காமல் இருப்பதே முதல் வேலை. அதில் சாதாரண மனிதர் செய்யக்கூடியவை எவை, அவற்றில் எதற்குப் பலன் அதிகம்?

காடு எங்கே மிஞ்சியிருக்கிறது?

தீபகற்ப மலேசியாவின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் காட்டுத்தொடரின் தென்கோடி ஜொகூரில்தான் முடிகிறது. பகாங் எல்லையில் எண்டாவ் ரொம்பின். அதை அடுத்தும் அதற்குத் தெற்கேயும் லாபிஸ், லெங்கோர், உலு செடிலி, பந்தி காப்புக்காடுகள். இவற்றுக்கு இடையே செம்பனைத் தோட்டங்களும் நெடுஞ்சாலைகளும் குறுக்கிடுகின்றன. காடு துண்டு துண்டாகிப் போனதால் யானையும் தப்பீரும் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகத் தோட்டத்தையும் தார்ச்சாலையையும் கடக்க வேண்டியிருக்கிறது.

நம் குழாய்த் தண்ணீருக்கும் இந்தக் காட்டுக்கும் நேரடி உறவு உண்டு. ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள லிங்கியூ நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிற்பது காடு. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஜொகூர்வாசிகளும் இதே ஆற்றை நம்பியிருக்கிறார்கள். 2016 அக்டோபரில், நீண்ட வறட்சிக்குப் பின், லிங்கியூவின் நீர்மட்டம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. மழையை வரவழைப்பது நம் கையில் இல்லை. ஆனால் பெய்த மழையை மண்ணில் இறக்கி, வண்டல் கலக்காமல் மெல்ல ஆற்றுக்கு விடும் வேலையை மேட்டுக்காடு செய்கிறது. அந்தக் காட்டை வெட்டினால் மழைநாளில் சேற்றுவெள்ளம் வரும். வெயில்நாளில் ஆறு வற்றும்.

1977: கடிதங்கள் நிறுத்திய ரம்பம்

எண்டாவ் ரொம்பினைத் தேசியப் பூங்காவாக்கும் யோசனை மூன்றாம் மலேசியத் திட்டத்திலேயே (1976-80) இருந்தது. இருந்தும் 1977-ல் பகாங் பக்கத்தின் மையக் காட்டில் மரம் வெட்ட மாநில அரசு உரிமம் கொடுத்தது. கூட்டரசு அரசாங்கத்தால் நேரடியாகத் தடுக்க முடியவில்லை. மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை.

1940-ல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைச் சங்கமும் மற்ற அமைப்புகளும் எதிர்ப்புக்குரல் எழுப்பின. பத்திரிகைகளின் வாசகர் பக்கங்களில் கடிதங்கள் குவிந்தன. காட்டை நேரில் பார்த்திராத பலரும் எழுதினார்கள். 1978-ல் வெட்டு நின்றது. 1985-86-ல் இயற்கைச் சங்கம் அங்கே ஓர் அறிவியல் பயணத்தை நடத்தி, காட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பதிவு செய்தது. ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்துக்கான சட்டம் 1989-ல் நிறைவேறியது. 1993-ல் ஜொகூர் பகுதி பூங்காவாக அரசிதழில் ஏறியது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 49,000 ஹெக்டேர்.

அண்மைக்காலத்திலும் மக்களின் எதிர்ப்பு காட்டைக் காத்திருக்கிறது. 2020-ல் சிலாங்கூரின் வட கோலலங்காட் காப்புக்காட்டின் பெரும்பகுதியைப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. ஆனாலும் 2021-ல் ஒரு பகுதி நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

நமக்குள்ள வாய்ப்பு எது?

காடு மாநிலத்தின் கையில் இருப்பதால் அழுத்தமும் அங்கேதான் விழ வேண்டும். மரமும் நிலமும் மாநிலத்துக்கு வருமானம். நிற்கும் காட்டால் வருமானம் குறைவு. காடு காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு பணம் தரும் முறை 2019 வரவுசெலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட்டோடுதான் தொடங்கியது. ஆகவே வெட்டுவதா, காப்பதா என்ற கேள்வியில் மாநிலத்தின் மனத்தை மாற்ற வாக்காளரின் குரல் தேவை. ஜொகூர் சட்டமன்றத்துக்கு வாக்காளர்கள் 56 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தொகுதிக்காரர். கோயில் நிதிக்கும் கால்வாய் அடைப்புக்கும் அவரைத் தேடிப் போகிறோம்; நம் தண்ணீர் வரும் காட்டைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம்.

சட்டமும் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தின் வரைவையும் மாவட்ட அளவிலான உள்ளூர்த் திட்டத்தின் வரைவையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். எந்தக் காட்டுத்துண்டு காடாகவே நீடிக்கும், எது தோட்டமாகும், எது தொழிற்பேட்டையாகும் என்பதை அந்த வரைபடத்தின் வண்ணங்களில் காணலாம். குறித்த காலத்துக்குள் யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளும் கருத்துக் கேட்புக்காக வெளியிடப்படுகின்றன. 2022-ல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, காப்புக்காட்டை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்றது. மாநிலச் சட்டமன்றம் ஏற்றால்தான் இத்தகைய திருத்தம் அந்த மாநிலத்தில் நடப்புக்கு வரும்.

ஆட்சேபக் கடிதம் எழுதப் பெரிய மொழிநடை வேண்டாம். திட்டத்தின் பெயர், இடம், உங்கள் முகவரி, எதனால் பாதிப்பு என்று நான்கு வரி போதும். மலாய் மொழியில் எழுதினால் அதிகாரியின் மேசையில் தயங்காமல் நகரும். குடியிருப்பாளர் சங்கமோ கோயில் நிர்வாகமோ சேர்ந்து எழுதினால் எடை கூடும்.

மரம் நின்றது, காண்டாமிருகம் போனது

காட்டை அரசிதழில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. எண்டாவ் ரொம்பின், சுமத்திரா காண்டாமிருகம் தீபகற்பத்தில் மிஞ்சியிருந்த முக்கிய இடங்களில் ஒன்று. மரங்கள் இன்றும் நிற்கின்றன, காண்டாமிருகம் இல்லை. 2015-ல் மலேசியக் காடுகளில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. சபாவில் பராமரிப்பில் இருந்த கடைசிப் பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் இறந்தது. அந்த இனத்தைச் சரித்த முக்கியக் காரணம் வேட்டை. வேட்டையை நடத்தியது கொம்பை வாங்கியவர்களின் பணம்.

இப்போது அதே ஆபத்து புலிக்கு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்றது. எண்டாவ் ரொம்பின் அவற்றுக்குப் புகலிடங்களில் ஒன்று. வேட்டைக்காரர் கம்பியில் கட்டும் சுருக்குக்கண்ணிக்குப் புலி, மான், தப்பீர் என்ற பேதம் தெரியாது. காலை வைத்த எதையும் பிடிக்கும்.

இங்கேதான் நம் கறிச்சட்டி வருகிறது. காட்டுமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, உடும்புக் கறி, ‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லி விற்கும் அழுங்குச் செதில் ஆகியவை நம் பக்கமும் அறியாத பண்டங்கள் அல்ல. கடமான் புலியின் முக்கிய இரை. அதை நாம் தின்றால் புலி தோட்டத்து மாட்டைத் தேடி வரும். அழுங்குச் செதிலில் இருப்பது நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின். அதில் மருந்து இல்லை. கூண்டுப்பறவையும் இப்படித்தான்: நன்றாகப் பாடும் காட்டுப்பறவையை உரிமமில்லாமல் வாங்கினால், பிடித்தவர் அடுத்ததைப் பிடிக்கக் காட்டுக்குள் போவார்.

வௌவாலையும் சுட வேண்டாம். சிகாமட், பெக்கோக் பக்கத்து டுரியான் தோப்புகளில் இரவில் விரியும் பூவுக்கு மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் வௌவால்தான். வௌவால் குறைந்தால் காய்ப்பும் குறையும்.

2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் கடுமையாக்கப்பட்டது. பெரிய குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் உண்டு. சமூக ஊடகத்தில் விலங்கையோ கறியையோ விற்பவரைக் கண்டால் திட்டிக் கருத்து எழுதாதீர்கள். அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். படம் எடுத்து, கணக்கின் பெயர், நாள், நேரத்தோடு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்கு அனுப்புங்கள். அதன் தொலைபேசி 1-800-88-5151. காட்டில் கண்ணியைப் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

பாமாயிலைப் புறக்கணிப்பதா?

வெளிநாட்டில் சொல்லும் அறிவுரை, பாமாயிலை விடுங்கள் என்பது. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயை மானிய விலையில் 2 ரிங்கிட் 50 காசுக்கு வாங்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. கணக்கும் அதற்கு ஒத்துவராது. ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் தருகிறது. அதே நிலத்தில் சோயா அரை டன்கூடத் தேறாது. செம்பனையை விட்டு மற்ற எண்ணெய்க்கு மாறினால் வேறெங்கோ இன்னும் அதிக நிலம் அழியும்.

பிரச்சினை செம்பனை மரத்தில் இல்லை. அதை எங்கே நடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் தோட்டங்களுக்குக் கட்டாயம். இந்த முத்திரை உள்ள எண்ணெயைத் தேர்ந்தெடுக்கலாம். கடைக்குப் போய் ஒருவர் செய்வதைவிட, ஓர் உணவகமோ கோயில் அன்னதானக் குழுவோ மொத்தமாக வாங்கும்போது கேட்டால் வியாபாரி கவனிப்பார்.

மரச்சாமானிலும் விசாரிக்க வேண்டும். மூவாரில் செய்யும் மேசை, நாற்காலிகளில் பெரும்பகுதி ரப்பர் மரம். பால் வெட்டி முடிந்த தோட்டத்து மரம் என்றால் காட்டுக்கு நட்டமில்லை. ஆனால் காப்புக்காட்டை வெட்டிவிட்டு அங்கேயே மரத்துக்காக ரப்பர் நடும் ‘காட்டுத்தோட்டங்களும்’ உண்டு. ஏட்டில் அவையும் காடு என்றே இருக்கும். அதனால் மரத்தின் பெயரோடு, அது எங்கிருந்து வந்தது, சான்றிதழ் உண்டா என்றும் கேளுங்கள்.

இரவுச் சாலையும் ஒரு பயணமும்

கோத்தா திங்கியிலிருந்து ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும், குளுவாங்–மெர்சிங் சாலையும் காட்டையும் தோட்டத்தையும் ஊடறுக்கின்றன. யானை படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. இருட்டிய பின் அங்கே வேகத்தைக் குறைத்தால் விலங்கும் பிழைக்கும், காரில் இருக்கும் குடும்பமும் பிழைக்கும். தப்பீரின் உடல் கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், விளக்கைச் சிமிட்டாமல், தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை எண்டாவ் ரொம்பினுக்குப் போய்வாருங்கள். குளுவாங் மாவட்டத்தின் காகாங்கிலிருந்து காட்டுப்பாதையில் போனால் ஜக்கூன் பூர்வகுடிகளின் கம்போங் பெத்தா வரும். அவர்களுடைய முன்னோர் கப்பூர் மரத்திலிருந்து கற்பூரம் எடுத்தவர்கள். அவர்களையே வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டால், காடு நிற்பதால் கிடைக்கும் வருமானம் காட்டுக்குள் வாழ்பவருக்குப் போகும். மழைக்காலத்தில் பூங்கா மூடப்படும். பூங்காக் கழகத்திடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருவது குறைந்தபட்ச மரியாதை.

எதை முதலில் செய்வது?

நேரம் கொஞ்சமே இருப்பவருக்கு ஒரு வரிசை: காட்டு விலங்கின் கறியையும் மருந்தையும் பறவையையும் இன்றே நிறுத்துங்கள், அதற்குச் செலவே இல்லை. காட்டுச் சாலையில் இரவு வேகத்தைக் குறையுங்கள். மாவட்டத் திட்ட வரைவு வெளியாகும்போது பார்த்து, தேவைப்பட்டால் நான்கு வரி எழுதுங்கள். அதன் பிறகு எண்ணெயும் மரச்சாமானும். மரக்கன்று நடுவது கடைசி. நடுங்கள், ஆனால் நட்ட படத்தைப் பகிரும் அன்றே, உங்கள் தொகுதியில் எந்தக் காப்புக்காடு இருக்கிறது, அதன் எல்லை கடந்த பத்து ஆண்டுகளில் மாறியிருக்கிறதா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் பதில் தரும்வரை விடாதீர்கள்.