வியாழனின் துருவ ஒளி

ஜொகூரில் இருந்துகொண்டு துருவ ஒளியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. துருவ ஒளியோ நார்வே, ஐஸ்லாந்து போன்ற குளிர்நாடுகளின் வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலைபோல் அசைவது. 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் பெரியதொரு காந்தப்புயல் வீசி, உலகின் பல பாகங்களில் தந்திப் போக்குவரத்தைக் குலைத்தது. அன்று சிங்கப்பூரிலும் துருவ ஒளி தெரிந்ததாகச் சில நூல்களில் எழுதிவைத்தார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தச் செய்தியை அவ்வளவாக நம்பவில்லை. நாமும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் மேகமில்லாத இரவுகளில் நம் உச்சிவானத்துக்கு அருகே வந்து நிற்கும் கிரகம் ஒன்று உண்டு. அதன் இரு துருவங்களிலும் இந்த ஒளி ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. சோதிடர்கள் குரு என்று சொல்லும் வியாழன்தான் அது.

முதலில் பூமியின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகின்றன. இதைச் சூரியக் காற்று என்கிறோம். பூமியின் காந்தப்புலம் இதைத் தடுத்து நிறுத்துகிறது. தடுக்கும்போது தானும் இழுபட்டு முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு விடுபடும்போது எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளில் பாய்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள மெல்லிய காற்றில் அவை மோத, ஆக்சிஜன் பச்சையாகவும் இன்னும் உயரத்தில் சிவப்பாகவும் ஒளிவிடுகிறது. கடைத்தெருவில் எரியும் நியான் விளக்கும் ஏறக்குறைய இதே முறையில்தான் எரிகிறது. ஆக, பூமியில் இந்த விளக்கை ஏற்றுவது சூரியன்.

வியாழனிலும் அப்படித்தான் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. வியாழன் நம்மைவிட ஐந்து மடங்கு தொலைவில் சூரியனைச் சுற்றுகிறது. அங்கே போய்ச் சேரும்போது சூரியக் காற்றின் அடர்த்தி இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. அப்படியிருந்தும் வியாழனின் துருவ ஒளி, பூமியினுடையதைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றலோடு எரிகிறது. இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

விடை வியாழனின் துணைக்கோள் ஒன்றில் இருக்கிறது. 1610இல் கலிலியோ கண்டறிந்த நான்கு நிலவுகளில், வியாழனுக்கு மிக அருகில் சுற்றுவது அயோ. (இந்தப் பெயரைச் சொல்லும்போது நம் வாயில் ‘ஐயோ’ என்றே வந்துவிடுகிறது. அங்குள்ள நிலைமைக்கு அதுவும் பொருத்தமே.) 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில் அயோவின் எரிமலைகள் புகை கக்குவது தெரிந்தது. வியாழனின் ஈர்ப்பு அயோவை மாவு பிசைவதுபோல் பிசைந்து சூடாக்குவதால் வந்த எரிமலைகள் அவை. அயோவிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ ஒரு டன் கந்தகமும் ஆக்சிஜனும் விண்வெளிக்குத் தப்பிச் செல்கின்றன. தப்பிய அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து மின்னேற்றம் பெறுகின்றன. மின்னேற்றம் பெற்றதும் அவை வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொள்கின்றன.

தோட்டப்புறங்களில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு டைனமோ விளக்கு நன்றாகத் தெரியும். உள்ளே காந்தம் சுழல, பக்கத்திலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்த உடனே மிதிப்பது சற்றுக் கனக்கும். வெளிச்சத்துக்கு விலை கொடுப்பவை நம் கால்கள். வியாழனில் நடப்பதும் இதுவே. பூமியைப்போல் 318 மடங்கு நிறையுள்ள அந்தக் கிரகம் 9 மணி 55 நிமிடத்தில் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. அதன் காந்தப்புலமும் கூடவே சுழல்கிறது. அயோவோ ஒரு சுற்றுக்கு 42 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. சிக்கிய துகள்களைக் காந்தப்புலம் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அவை வெளிநோக்கி நகர நகர, கூடவே ஓட முடியாமல் பின்தங்குகின்றன. பின்தங்குவதை இழுத்துப் பிடிக்கும் முயற்சியில், காந்தக் கோடுகளின் வழியே கோடிக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. எலெக்ட்ரான்கள் துருவ வளிமண்டலத்தில் விழுகின்றன, ஒளிவளையம் தோன்றுகிறது. இங்கே விலை கொடுப்பது வியாழனின் சுழற்சி. அந்தப் பாரத்தால் வியாழனும் வேகம் குறையத்தான் வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு அது ஒரு பொருட்டே அன்று.

இந்த விளக்கம் அழகானது, ஆனால் முழுமையானதன்று. 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் துருவங்களுக்கு மேலாகவே பறந்து அளந்தது. எலெக்ட்ரான்கள் ஒழுங்காகக் கீழ்நோக்கி மட்டும் பாயாமல், பல இடங்களில் மேலும் கீழுமாக இரு திசையிலும் ஓடியதை அது கண்டது. டைனமோ இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கம்பிகள் எப்படிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்பதே இன்றும் ஆராயப்படுகிறது.

வியாழனின் வளிமண்டலம் பெரும்பாலும் ஹைட்ரஜன். ஆதலால் அந்த ஒளி பெரும்பகுதி புற ஊதாக் கதிராகவும் அகச்சிவப்புக் கதிராகவும் வெளிப்படுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது மிகக் கொஞ்சம். ஹப்பிள் தொலைநோக்கியின் புற ஊதாப் படங்களில் வளையத்துக்கு வெளியே தனியாக ஒரு புள்ளி, வால் நீட்டிக்கொண்டு நகர்கிறது. அயோவிலிருந்து வரும் மின்சாரம் இறங்கும் இடம் அது. அந்த நிலவின் காலடித்தடம் என்றே சொல்லலாம்.

மற்றப் பெருங்கிரகங்கள் தத்தம் வழியில் செல்கின்றன. சனியில் சூரியக் காற்றின் கை சற்று ஓங்கியிருக்கிறது. யுரேனசின் காந்த அச்சு அதன் சுழல் அச்சிலிருந்து ஏறத்தாழ 59 டிகிரி சாய்ந்தது. நெப்டியூனில் 47 டிகிரி. அதனால் அங்கே துருவ ஒளி என்ற பெயரே பொருந்தவில்லை. துருவத்தைவிட்டு எங்கோ தள்ளி ஒளிர்கிறது. நெப்டியூனின் ஒளியை வெப் தொலைநோக்கி 2023இல்தான் படம்பிடித்தது. முடிவுகள் 2025இல் வெளியாயின.

வானொலி நேயர்களுக்கு இன்னொரு செய்தி. இதே மின்னோட்டங்கள் வானொலி அலைகளையும் எழுப்புகின்றன. 1955இல் அமெரிக்காவில் பர்க், பிராங்க்ளின் என்ற இருவர் 22 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வியாழனின் இரைச்சலை முதன்முதலில் இனங்கண்டனர். அக்கம்பக்கத்து மின் குறுக்கீடு என்றே முதலில் எண்ணியிருந்தார்கள். அயோ எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த இரைச்சல் எழுவதை 1964இல் ஆஸ்திரேலியாவில் பிக் என்பவர் கண்டறிந்தார். வியாழன் உயரத்தில் இருக்கும் இரவில், தகுந்த வான்கம்பியோடு சிற்றலை வானொலியை 20 மெகாஹெர்ட்ஸ் அருகே திருப்பி வைத்தால், கரையில் அலை புரள்வது போன்ற ஓசை சில நேரங்களில் நமக்கும் கேட்கும்.