கிருமி வீட்டுக் கிரைண்டர்

பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு நான்கு மருந்துகளை ஆறே மாதம் கொடுக்கும் முறைக்கு 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் தந்தது. பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என எல்லாமே மாத்திரைகள். காதைச் செவிடாக்கக்கூடிய பழைய ஊசிகள் இதில் இல்லை. ‘அதிசய மருந்து’ என்ற ஆரவாரத்தில் சேர எனக்கு மனமில்லை. ஆனால் பெடாகுயிலின் வேலை செய்யும் விதம் அழகானது. கிருமிக்கு ஆற்றல் தரும் ஏடிபியைத் தயாரிக்கும் நொதியில் ஒரு புரத வளையம் உண்டு. புரோட்டான்கள் பாயப் பாய அது சுழலும். மாவரைக்கும் கிரைண்டர் என்றே வைத்துக்கொள்வோம். புரோட்டான் ஓட்டம்தான் மின்சாரம், வளையம் கல், ஏடிபி மாவு. பெடாகுயிலின் அந்தக் கல்லுக்கு இடையில் ஆப்பாகச் செருகிக்கொள்கிறது. கல் நின்றதும் கிருமி செத்துவிடுவதில்லை. வேறு வழியில் கொஞ்சம் ஆற்றல் திரட்டி, ஆட்டுக்கல்லில் கையால் அரைப்பதுபோல் சில நாள் ஒப்பேற்றிவிட்டுத்தான் சாகிறது. பெருகாமல் உறங்கும் கிருமிகளிடம் ஐசோனியாசிட் எடுபடாது. அது செல்சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. உறங்கும் கிருமியோ சுவரே எழுப்புவதில்லை. ஆனால் உறங்குகிறவனுக்கும் கொஞ்சம் மாவு வேண்டுமே, அங்கேதான் பெடாகுயிலின் பிடிக்கிறது.

வரலாறு சுருக்கமானது. 2005-இல் பெல்ஜிய ஆய்வாளர் கோன் ஆண்ட்ரீஸ் குழு இதை அறிவித்தது. 2012-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கும் வெகுமுன்பே, 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், காசநோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது.

என் கவலை அந்த ஆப்பு உடலைவிட்டு எளிதில் போகாததைப் பற்றியது. பெடாகுயிலின் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் மாதம் ஒருவர் சிகிச்சையை நிறுத்தினால், லினசோலிட் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். பெடாகுயிலின் மட்டும் நாளுக்கு நாள் நீர்த்து, துணையில்லாமல் கிருமியோடு குடியிருக்கும். ஆப்பைப் பின்வாசல் வழியே வெளியேற்றும் புரதக் குழாயைக் கூடுதலாக வைத்திருக்கும் கிருமிகள் அந்த மாதங்களில் தப்பிப் பெருகும். ஆறு மாதம்தானே, ஊசியும் இல்லையே, முடித்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். சென்னையின் அதே மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நடத்திய ஆய்வில் 165 பேர் சேர்ந்தார்கள், 91 சதவீதம் நல்ல பலன் என்றும் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வின் மருந்துக் கூட்டு சற்று வேறு. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவும் அதில் இல்லை. நெருங்கிய கண்காணிப்பு இருந்தது. லினசோலிட்டால் கணிசமானோருக்கு இரத்த அணுக்கள் குறைந்தன, கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. வடசென்னையின் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்து நாள்கூலிக்குப் போகிறவருக்குப் பாதம் எரிந்தால் முதலில் நிற்பது மாத்திரையாகத்தான் இருக்கும். அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை இழந்த கூலிக்கு ஈடாகாது. பாதிப்பு தெரிந்ததும் லினசோலிட்டை 600 மில்லிகிராமிலிருந்து 300 ஆகக் குறைக்கலாம். இரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் அவர் ஒரு நாள் வேலையை விடாமல் எர்ணாவூரிலேயே கிடைத்தால்தான் அந்த முடிவை உரிய நேரத்தில் எடுக்க முடியும்.