உபுண்டு 18.04-லிருந்து 24.04-க்கு ஒரேயடியாகத் தாவலாமா?

உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு கணினியில் இன்னும் உபுண்டு 18.04 ஓடிக்கொண்டிருக்கலாம். நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கைவைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தானாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டன. இணையத்தில் இருக்கும் கணினி என்றால் இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது.

நேராக 24.04-க்குப் போக முடியுமா? முடியாது. உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்டிஎஸ் (ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப்படும் பதிப்பு) வரும். ஒரு எல்டிஎஸ்-இலிருந்து அடுத்த எல்டிஎஸ்-க்குத்தான் வழி உண்டு. எனவே 20.04, 22.04, 24.04 என்று மூன்று முறை ஏறவேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? பழைய அமைப்புக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலையும் மேம்படுத்தலில் அடக்கம். முந்தைய எல்டிஎஸ்-ஐ மட்டும் மனதில் வைத்துத்தான் அதை எழுதிச் சோதித்திருக்கிறார்கள்.

மூன்று முறை ஏறுவதற்குப் பதில் புதிதாகவே நிறுவிவிட்டால் என்ன? வீட்டுக் கணினி என்றால் நான் அதைத்தான் சொல்வேன். கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு 24.04-ஐ நிறுவினால் அரை நாளில் வேலை முடியும். பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து அமைத்த சர்வர் (பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினி) என்றால் படிப்படியாக ஏறுங்கள். 32 பிட் கணினியாக இருந்தால் இரண்டுமே ஆகாது. உபுண்டுவில் அதற்கு 18.04-தான் கடைசி எல்டிஎஸ்.

முதலில் பேக்கப் (காப்பு நகல்). இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டைம்ஷிஃப்ட் என்ற செயலியை ஓட்டிவிட்டு எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமாக மாற்றி அமைக்காதவரை அது இயங்குதளத்தை மட்டுமே சேமிக்கும்; உங்கள் படங்களும் கணக்குக் கோப்புகளும் இருக்கும் ஹோம் அடைவைத் தொடாது. அதைத் தனியாக வெளி வட்டில் நகலெடுங்கள். அமைப்புகள் இருக்கும் இடிசி அடைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நகலிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நம்பி எப்படி இறங்குவது?

தரவுத்தளம் (டேட்டாபேஸ்) இருந்தால்? இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். 18.04-இல் போஸ்ட்கிரெஸ் 10 இருந்தது, 20.04-இல் 12 வருகிறது. புதியது பழையதன் பக்கத்தில் காலியாக வந்து உட்காருமே தவிர, உங்கள் தரவு தானாக அதற்குள் போகாது. பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் என்ற கட்டளையால் நீங்கள்தான் மாற்றவேண்டும். மேம்படுத்தலின் இறுதியில் ‘தேவையற்ற பழைய தொகுப்புகளை நீக்கலாமா?’ என்று கேட்கும்போது யோசிக்காமல் சரி என்றால் பழைய போஸ்ட்கிரெஸ் போய்விடலாம். தரவுக் கோப்புகள் வட்டில் கிடக்கும், படிக்க மென்பொருள் இருக்காது. மைஎஸ்க்யூஎல்லில் சிக்கல் வேறு: 5.7-இன் தரவை 8.0 தானே மாற்றிக்கொள்ளும், திரும்பி வர வழியில்லை. எதுவானாலும் ஒவ்வொரு படிக்கும் முன்னால் முழுத் தரவையும் உரைக் கோப்பாக இறக்கி வையுங்கள்.

தொடங்கும் முன் வேறென்ன? இப்போதைய பதிப்பின் எல்லாத் திருத்தங்களையும் போட்டு, ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய கெர்னல்களை (இயங்குதளத்தின் மையப் பகுதி) நீக்குங்கள். பூட் பகுதி நிரம்பிப் பாதியில் நிற்பது அடிக்கடி நடப்பதுதான். வெளியாரின் மென்பொருள் மூலங்களை மேம்படுத்தும் கருவியே முடக்கிவிடும். அவற்றிலிருந்து நிறுவியவற்றைக் குறித்துவையுங்கள், பின்னால் தேடவேண்டி வரும். மடிக்கணினியை மின்சாரத்தோடு இணைத்தே வைத்திருங்கள்.

கட்டளை எது? டூ-ரிலீஸ்-அப்கிரேட். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைக் கணினியில் நுழையும் வழி) மூலம் செய்தால் 1022 என்ற இரண்டாவது வாசலையும் (போர்ட்) அது திறந்துவைக்கும். ஆனால் உங்கள் ஃபயர்வாலில் (வலைத் தடுப்பு) அந்த எண்ணை அனுமதிப்பது உங்கள் பொறுப்பு.

நடுவில் ‘உங்கள் அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?’ என்று கேட்கும். நீங்கள் திருத்திய கோப்பு என்றால் பழையதையே வையுங்கள். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வால் சேர்ந்து அருகிலேயே இருக்கும், ஆற அமர ஒப்பிடலாம்.

மூன்றையும் ஒரே இரவில் முடிக்கவேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு படியிலும் அச்சுப்பொறி, இணையதளம், தரவுத்தளம் எல்லாம் சரியா என்று பாருங்கள். 22.04-க்கு ஏறும்போது பிஎச்பி (பல இணையதளங்களை இயக்கும் நிரல்மொழி) 7.4-லிருந்து 8.1-க்கு மாறும், பழைய இணையதளங்கள் அங்கே விழக்கூடும். விழுந்தால் அதைச் சரிசெய்த பிறகே அடுத்த படி. 20.04-இல் மட்டும் தங்கிவிடாதீர்கள், அதன் வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தில் முடிந்தது. 22.04-க்கு 2027 வரை ஆதரவு உண்டு.

இப்போதைக்கு எதற்கும் நேரமில்லை என்றால்? உபுண்டு ப்ரோவில் பதிவு செய்யுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம், 18.04-க்கு 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.