பன்மாகேசுவர இரட்சை

திருக்கோயிலை வலம் வரும் அன்பர்கள் தென்புறத்தில் ஆலமர் கடவுளை வணங்குகின்றனர்; வடபுறத்தில் சண்டேசுர நாயனாரை வணங்குகின்றனர். இவ்விரு சந்நிதிகளுக்கும் இடையே கருவறைச் சுவரிலும் அதன் அடித்தளத்திலும் வரிவரியாக எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு நிற்பவர் மிகச் சிலரே. அவற்றின்மேல் எஞ்சிய திருநீற்றைத் தடவிவிட்டுச் செல்பவரும் உளர். அவ்வெழுத்து யாருக்காக வெட்டப்பட்டது என்று எண்ணிப் பார்த்தோமா?

விடை அக்கல்லிலேயே இருக்கிறது. சிவாலயக் கல்வெட்டுகள் பலவும் தானத்தை விவரித்தபின் ‘பன்மாகேசுவர இரட்சை’ என்று முடிகின்றன. மகேசுவரனுக்கு அடியராயினார் அனைவருடைய காவலில் இத்தருமம் விடப்பட்டது என்பது பொருள். அரசனுடைய படைக்காவலில் விடவில்லை; அடியார்களை நம்பி விட்டார்கள். ஆதலின் அந்தச் சுவரைப் படிப்பது புலவர்க்கே உரிய வேலை என்று நாம் ஒதுங்குதல் பொருந்தாது.

படிக்க மறந்தால் என்ன நேரும் என்பதற்குத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலே சான்று. அதனைக் கட்டியவன் கரிகாலன் என்று வடமொழித் தலபுராணம் கூறிற்று. மக்களும் அதனை நம்பியிருந்தனர். 1886ஆம் ஆண்டில் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஹுல்ச் என்னும் ஜெர்மானியர் அக்கோயிற் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டபோது, எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது. அவன் அதனை மறைத்து வைக்கவில்லை. தான் கொடுத்ததும், தமக்கை குந்தவை கொடுத்ததும், தேவியர் கொடுத்ததும், மற்றும் கொடுப்பார் கொடுத்ததும் விமானத்தில் வெட்டப்படுக என்று தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பெயரறியாத ‘கொடுப்பாருக்கும்’ அரசனுக்கும் ஒரே கல்! திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரும், அவர்களுடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரும் ஆக 50 பேருக்கு, நாள்தோறும் ஆளுக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்ட செய்தியும் அங்கே உண்டு. தேவாரம் ஓதும் நமக்கு இதனினும் இனிய வரலாறு வேறு எது?

பழுது பார்ப்பதிலும் முன்னோர் நமக்கு வழி காட்டியுள்ளனர். திருமழபாடி விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டனர். இடையே அரசனும் மறைந்தான். எனினும் அவன் மகன் இராசேந்திரனுடைய 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டிவைத்தனர். இன்றோ திருப்பணி என்ற பெயரால் சுண்ணாம்பு பூசுகிறோம். மணலை விசையோடு வீசிக் கல்லின் மேற்பரப்பையே உரித்து விடுகிறோம். அடியேன் இளமையில் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்த ஒரு சுவரைப் பல ஆண்டுகள் கழித்துக் காணச் சென்றேன். அங்கே பளபளக்கும் பீங்கான் ஓடு பதித்து, பதித்தவர் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள். அன்றைய விரிவுரையில் எனக்கு மனம் ஒட்டவேயில்லை.

அதன்பின் ஒரு வழக்கம் மேற்கொண்டேன். விழா நாள்களில் மாலைப் பேச்சோடு நில்லாமல், காலையில் பிள்ளைகளையும் பெரியோரையும் திருச்சுற்றுக்கு அழைத்துச் சென்று சுவரைப் படிப்போம். பெருங்கருவி எதுவும் வேண்டா. வெயில் சாய்வாக விழும் காலை வேளை நன்று; நிழல் படிந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பினால் மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். மாவு பூசுதலும் சுண்ணக்கட்டியால் தீட்டுதலும் ஆகா. பழைய எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இராது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் தொடக்கத்தையும், அரசன் பெயரையும், யாண்டையும் கண்டுகொண்டால் மேலே செல்லத் துணிவு பிறந்துவிடும். ஊர்ப்பெயரும் ஏரிப்பெயரும் வாய்க்காற்பெயரும் வரும்போது, அங்கேயே வாழும் பெரியவர்கள் எனக்கு ஆசிரியராகி விடுவார்கள்.

ஓரூரில், நுந்தா விளக்கு ஒன்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ தொண்ணூறு விடப்பட்ட கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தோம். “ஆடு எப்படிச் சாகாமலும் மூப்படையாமலும் இருக்கும், ஐயா?” என்றான் ஒரு சிறுவன். நான் வாய் திறப்பதற்குள், கோலை ஊன்றியபடி பின்னால் நின்ற அவன் பாட்டனார், “செத்ததுக்கும் கிழடானதுக்கும் ஈடா குட்டியைச் சேர்த்துக்கிட்டே வந்தா, கணக்கு எப்பவும் தொண்ணூறுதானே தம்பி! நம்ம கிடையிலே நான் செய்யறது என்ன?” என்றார். சிறுவன் சுவரருகே சென்று, அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து எழுத்துக் கூட்டத் தொடங்கினான்.

திருச்சிற்றம்பலம்.